கேட்கப்படாத கேள்வி

(முதுநிலை மாணவி, உயிர் வேதியியல்)

மருத்துவ மனையின் வெளி நோயாளிப் பகுதியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். எத்தனை கேள்விகள்! பெயர் என்ன? வயது என்ன? எத்தனை நாளாகக் காய்ச்சல்? பசி எடுக்கிறதா? உறக்கம் வருகிறதா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? கேட்கத் தெரியாதவர் மருத்துவராக முடியாது, செவிலியராகவும் முடியாது.

ஆயினும், வீங்கிய மணிக்கட்டுடன் ஒரு பெண் வந்து, "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லும்போது, ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். மாவுக்கட்டுப் போடுவார்கள். "வீட்டில் யாரேனும் உங்களை அடிக்கிறார்களா?" என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்க மனம் இல்லாமல் அன்று. எப்படிக் கேட்பது என்று பெரும்பாலோர்க்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

நான் மருத்துவம் பயில்பவள் அல்லேன். தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, மும்பைக்கு ரயிலேறி வந்து, உயிர் வேதியியல் படிக்கும் 23 வயதுப் பெண். சோதனைக் குழாயோடு பழகும் உனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. சென்ற ஆண்டு நான்கு சனிக்கிழமைகளில் நான் ஒரு செவிலியர் கல்லூரியில் 'நோயாளி'யாக இருந்தேன். அங்கே கண்டதை நம் மன்றத்தாருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆவல்.

அதற்கு முன் எங்கள் தெருவைப் பற்றிச் சில சொற்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். பீடி சுற்றும் கை, ஓயாத கை. அவருக்கு இடக் காதில் அடிக்கடி வலி. சீழ் வடியும். டாக்டரிடம் போவார், சொட்டு மருந்து வாங்கி வருவார், இரண்டு திங்கள் கழித்து மறுபடியும் போவார். "சளி காதுக்கு இறங்கியிருக்கும்" என்பார்கள். வலக் கையால் ஓங்கி அறைபவனுடைய அடி, எதிரே நிற்பவரின் இடக் கன்னத்தில் விழுகிறது. செவிப்பறை அதனால் கிழிகிறது. இது காது மருத்துவம் படித்த எவரும் அறிந்த செய்தி. இரவில் அந்த வீட்டில் சத்தம் கேட்டால், தெருவில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள். காரணம் தெருவுக்கே தெரியும். மருந்துச் சீட்டுக்கு மட்டும் தெரியாது.

கடைசியில் கேட்டவர் ஊருக்கு வந்த கிராம சுகாதார நர்ஸம்மா. குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர், அக்காவை அடுக்களைப் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். அடி அன்றோடு நின்றுவிட்டதா? இல்லை. ஆனால் பின்னாளில் அக்கா என் அம்மாவிடம் சொன்ன சொல் எனக்கு நினைவிருக்கிறது: "எம்மேல தப்பில்லன்னு அந்த அம்மா சொல்லிச்சு மதினி. அத ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதே இல்ல." ஓராண்டுக்குப் பிறகு அவர் தம் தாய் வீட்டில் தனியே உலை வைத்தார். அந்தச் சொல்லிலிருந்துதான் அவர் எழுந்தார் என்று நான் எண்ணுகிறேன்.

ஓர் அக்காவின் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவரால் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு 38. நம் மாநிலம் நாட்டின் சராசரிக்கும் மேலே நிற்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள முடியுமா? அதே ஆய்வு இன்னொன்றும் கூறுகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தாம். ஏறத்தாழ 77 பேர் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை. உதவி தேடியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டாரிடம் போனார்கள். மருத்துவரிடம் சொன்னவர்கள் மிக மிகச் சிலர்.

போலீஸ் நிலையத்துக்குப் போகாத பெண்ணும், வழக்கறிஞரைக் காணாத பெண்ணும் மருத்துவ மனைக்கு வருகிறாள். பேறு காலத்துக்கு வருகிறாள். குழந்தையின் காய்ச்சலுக்கு வருகிறாள். தீராத தலைவலிக்கு வருகிறாள். சொல்லாத வாய் அங்கேதான் வந்து உட்காருகிறது. அவளுக்கு எதிரே இருப்பவருக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

இனி நான் நோயாளியான கதை. என் விடுதி அறைத்தோழி மராத்திப் பெண். முதுநிலைச் செவிலியர் படிப்பு. ஒருநாள் இரவு, "உனக்கு நடிக்க வருமா?" என்று கேட்டாள். பள்ளி நாடகத்தில் மரமாக நின்றிருக்கிறேன் என்றேன். "அது போதும். எங்கள் இளநிலை மாணவிகளுக்குப் பயிற்சி. தாராவியிலிருந்து தமிழ்ப் பெண்கள் நிறைய வருகிறார்கள். தமிழ் மட்டும் பேசும் நோயாளி ஒருத்தி வேண்டும்" என்றாள்.

முதல் சனிக்கிழமை என் வேடத்தை ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். வயது 26, மணமாகி 5 ஆண்டு, ஒரு குழந்தை, ஓரறை வீடு, இந்தி அரைகுறை, இடக் காதில் வலி. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது என் மனம் ஊருக்குப் போய் வந்தது. கணவனாக நடிக்கத் தமிழ் மாணவர் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். பயிற்சி மாணவி இந்தியில் கேட்டாள். நான் வாய் திறக்குமுன், 'கணவர்' இந்தியில் முந்திக்கொண்டார்: "குழாயடியில் விழுந்துவிட்டாள். கொஞ்சம் கவனக் குறைவு." சொல்லிவிட்டுச் சிரித்தார். மாணவியும் மரியாதைக்குச் சிரித்தாள். நடிப்பு என்று அறிந்திருந்தும் என் தலை தானாகக் குனிந்தது. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது. காதுச் சொட்டு மருந்து!

பேராசிரியை எழுந்தார். "நோயாளி எத்தனை சொல் பேசினாள்?" என்று கேட்டார். ஒருவரும் விடை சொல்லவில்லை. "ஒரு சொல்லும் இல்லை. பேசியவர் எவரோ அவருடைய கதைக்குத்தான் நாம் மருந்து எழுதியிருக்கிறோம்" என்றார்.

இரண்டாம் சனிக்கிழமை, நோயாளியைத் தனியே அழைக்கும் பாடம். "எடை பார்க்க வேண்டும், ஐயா இங்கேயே இருக்கட்டும்" என்று எவரும் ஐயுறாத காரணம் சொல்லித் திரைக்கு அப்பால் அழைத்துப் போக வேண்டும். துணைக்கு வந்தவர் மாமியாராக இருந்தாலும், நாத்தனாராக இருந்தாலும் அவர் எதிரே கேட்கக் கூடாது. பேசத் தெரிந்த குழந்தைகூட அங்கே இருக்கக் கூடாது. அது வீட்டில் போய்ச் சொல்லிவிடும். மாணவி என்னை நன்றாகவே அழைத்துப் போனாள். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ கனிவாகச் சொன்னாள். கனிவு புரிந்தது, கேள்வி புரியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மொழிபெயர்க்க ஒரு தமிழ் மாணவி வந்தாள். முதலாண்டு; துடிப்பான பெண். என்னைப் பார்த்த உடனே, "அக்காவுக்கு எந்த ஊரு?" என்றாள். "தென்காசிப் பக்கம்" என்றேன். "அடடே, எனக்குக் கடையநல்லூரு!" என்று அவள் முகம் மலர்ந்தது.

நண்பர்களே, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்தக் கேள்வியைவிட இனிய கேள்வி உண்டா? ரயிலில், கடையில், விடுதிச் சாப்பாட்டு அறையில், எந்த ஊர் என்று கேட்ட மாத்திரத்தில் அயலூர் நம் ஊராகிவிடுகிறது. ஆனால் அன்று, அந்த வேடத்துக்குள் இருந்த எனக்கு, நெஞ்சு திக்கென்றது. கடையநல்லூர்ப் பெண் என்றால் என் மாமியாரின் உறவை அறிந்தவளாக இருப்பாளோ? நான் இங்கே சொல்வது இரவுக்குள் எங்கள் சந்துக்கு வந்து சேருமோ? உறவு கொண்டாட வந்த சொல் என் வாயைப் பூட்டிவிட்டது.

பிறகு பயிற்சி மாணவி முறையாகவே கேட்டாள்: "உங்கள் கணவர் உங்களை அடிப்பதுண்டா? அவரைக் கண்டு அஞ்சுகிறீர்களா?" அது தமிழில் எனக்கு வந்து சேர்ந்தபோது இப்படி இருந்தது: "வீட்டுல ஏதும் சண்டையாக்கா? புருஷன் பொண்டாட்டின்னா இருக்கத்தான் செய்யும்." கேள்வி போய் அறிவுரை வந்துவிட்டது. நான் "ஒண்ணும் இல்ல" என்றேன். மாணவி தாளில் 'வன்முறை இல்லை' என்று எழுதினாள். அந்தத் தாள் உண்மையான மருத்துவ மனையின் தாளாக இருந்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிராகவே பேசும்.

மொழிபெயர்த்த பெண் கெட்டவள் அல்லள். நம் வீடுகளில் கேட்டுப் பழகிய மொழியை அவள் பேசினாள். அதே குடும்ப நல ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 45 பேரும் ஆண்களில் 44 பேரும், கேட்கப்பட்ட ஏழு காரணங்களுள் ஒன்றுக்காவது கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று கூறியிருக்கிறார்கள். வெள்ளை அங்கி அணிந்த உடனே அந்த எண்ணம் உதிர்ந்துவிடுமா? மாணவ மாணவியரும் அந்த வீடுகளிலிருந்துதாமே வருகிறார்கள்? ஆகவேதான் பயிற்சி மாணவப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். ஊசி போடக் கை பழகுவதுபோல, இக்கேள்வியைக் கேட்க நாப் பழக வேண்டும்.

அன்று பேராசிரியை மொழிபெயர்ப்பாளருக்கான ஒழுங்கை எடுத்துரைத்தார். கணவரோ உறவினரோ அண்டை வீட்டாரோ மொழிபெயர்க்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் தம் ஊரைப் பற்றிப் பேச வேண்டாம். இங்கே கேட்டது இந்த அறையை விட்டுப் போகாது என்று முதலிலேயே உறுதி சொல்ல வேண்டும். 'அவள் சொல்கிறாள்' என்று சுற்றி வளைக்காமல், 'நான்' என்றே அவள் வாயாக நின்று பேச வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கூசும் சொல்லாயிருப்பினும் அப்படியே தர வேண்டும்.

நான்காம் சனிக்கிழமை அந்தக் கடையநல்லூர்ப் பெண்ணே மீண்டும் வந்தாள். இம்முறை ஊர் பேசவில்லை. கேள்வி கேள்வியாகவே வந்தது. நான் வேடத்தில் இருந்தபடியே, "அடிக்காரு" என்றேன். மாணவி உடனே எழுதத் தொடங்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இது உங்கள் குற்றம் அன்று" என்றாள். அச்சொல் தமிழாகி என் காதில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. நடிப்புக்காக அன்று, எங்கள் தெரு அக்காவுக்காக.

இப்படிப் பயிற்றுவதற்கு முறைகள் இல்லாமல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. அடுத்த ஆண்டு மருத்துவப் பணியாளர்க்கு ஒரு கையேடும், 2019இல் பயிற்சிப் பாடத் திட்டமும் தந்தது. வருகிற பெண்கள் எல்லாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேள் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. அடையாளம் கண்டு கேள் என்கிறது: சொன்ன காரணத்துக்குப் பொருந்தாத காயம், காரணம் தெரியாமல் நீளும் வலி, மனச் சோர்வு, தற்கொலை முயற்சி, மனைவியைப் பேச விடாமல் கூடவே நிற்கும் கணவன். கேட்ட பின் செய்ய வேண்டியவை ஐந்து. செவி கொடுத்தல்; அவள் தேவையை அறிதல்; நம்புவதாகச் சொல்லுதல்; பாதுகாப்புக்கு வழி தேடுதல்; துணை நிற்போரிடம் சேர்த்தல். எளிய சொற்களே. ஆனால் "ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாய்?", "நீ என்ன செய்தாய்?" என்னும் இரண்டு கேள்விகளையும் அடக்கிக்கொள்வது எவ்வளவு அரிது என்பதை அந்த நான்கு சனிக்கிழமைகளில் கண்டேன். வீட்டை விட்டுப் புறப்படும் காலமே சில பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். போவதா, இருப்பதா, புகார் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவளே.

ஆபத்தை அளந்தறியவும் கேள்விகள் உண்டு. கடந்த 6 திங்களில் அடி கூடியிருக்கிறதா? ஆயுதம் காட்டியதுண்டா? கழுத்தை நெரித்ததுண்டா? கருவுற்றிருந்தபோது அடித்ததுண்டா? ஓயாது சந்தேகப்படுகிறாரா? கொன்றுவிடுவார் என்று அஞ்சுகிறீர்களா? இவற்றுள் மூன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால், அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கழுத்து நெரிபட்டதற்கு வெளியே தடமே இல்லாமலும் இருக்கலாம். குரல் கம்முவதும், விழுங்க வலிப்பதும் உள்ளே நேர்ந்ததைச் சொல்லும். அறிவியல் மாணவியாகிய எனக்கு இப்பகுதிதான் மனத்தில் தைத்தது. கேட்பதும் ஒரு சோதனையே. இரத்தச் சோதனையில் தெரியாததை அது காட்டுகிறது.

இவையெல்லாம் அயல்நாட்டுப் பேச்சு என்று எண்ண வேண்டாம். இந்த மும்பையிலேயே, பாந்திராவில் உள்ள பாபா மாநகராட்சி மருத்துவ மனையில், 2001இல் 'தில்லாசா' என்னும் மையம் தொடங்கப்பட்டது. தில்லாசா என்றால் ஆறுதல். மாநகராட்சியும் 'செஹாட்' என்னும் ஆய்வு அமைப்பும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. மருத்துவ மனைக்குள்ளேயே ஓர் அறை, அங்கே ஆலோசகர்கள். மருத்துவரும் செவிலியரும் தாமே பயிற்சி பெற்று, பிறகு தம் உடன் பணியாற்றுவோர்க்குப் பயிற்றுநரானார்கள். தவறுதலாக நஞ்சு குடித்தாள் என்று வழக்கமாக எழுதப்படும் பெண்ணிடம், ஏன் என்று அங்கே கேட்கக் கற்றார்கள். பின்னர் நகரின் வேறு பல மாநகராட்சி மருத்துவ மனைகளுக்கும் இம்முறை பரவியது.

சட்டமும் துணை நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதை மட்டுமன்றி, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பணத்தைப் பறித்து முடக்குவது ஆகியவற்றையும் அது வன்முறை என்கிறது. மணம் புரியாமல் மணமக்களைப் போல வாழ்வோர்க்கும் பொருந்தும். உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவ மனை சிகிச்சை தந்தே ஆக வேண்டும். முன்னதாக அறிக்கை பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அறிக்கை இல்லையென்றால் மருத்துவ மனையே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் படியை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும். இதை வகுப்பிலே கேட்டபோது இறுதியாண்டு மாணவிகள் பலர் வியந்தார்கள்.

ஒருநாள் வகுப்பினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியால் மாணவரின் மனப்பாங்கும் ஆயத்தமும் உயர்கின்றன என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நாள் செல்லச் செல்ல அப்பயன் தேய்கிறது என்பதையும் காட்டுகின்றன. எனவே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வார்டில் மூத்தவர்கள் கேட்பதை இளையவர்கள் காண வேண்டும். இன்னொன்று: முப்பது பேர் உட்காரும் வகுப்பில், தன் வீட்டிலேயே இதைக் கண்டு வளர்ந்த ஒருத்தி இருப்பாள். இரண்டாம் வாரம் ஒரு மாணவி பாதியில் எழுந்து வெளியே போனாள். பேராசிரியை பாடத்தை உடனிருந்த ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பின்னே போனார். பாடத் திட்டத்தில் அச்சிடப்படாத பாடம் அது. ஆனால் அதை எல்லாரும் கற்றார்கள்.

நம் மன்றத்தில் மருத்துவம், செவிலியர், பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம் பயிலும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் இப்பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில் வேண்டும் என்று கேளுங்கள். பிற துறைத் தோழர்களே, பொங்கல் விழாவுக்கு மேடை கட்ட வரும் நாம், திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மருத்துவ மனையில் மொழிபெயர்க்கவும் வரலாம். ஆனால் வெறும் தமிழ் தெரிந்தால் போதாது. முறையாகப் பயின்று வர வேண்டும். நம் மன்றம் அத்தகைய பயிற்சி ஒன்றை வரும் பருவத்தில் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் தருவோர் பட்டியலில் முதற் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.

இதைப் படிக்கும் தோழியருள் எவருக்கேனும் இது பிறர் கதையாக இல்லாமல் தன் கதையாக இருந்தால், அவர்க்கும் ஒரு சொல். 181 என்னும் மகளிர் உதவி எண் இருக்கிறது. நீங்கள் சொல்வதை நம்பும் மனிதர்கள் இருக்கிறார்கள். குற்றம் உங்களுடையது அன்று.

தமிழன் இருக்கும் இடமெல்லாம் தமிழ் மணக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். நன்று. ஆனால் இந்நகரின் ஏதோ ஒரு மருத்துவ மனையில், திரைக்குப் பின்னால், அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணிடம் அவள் தாய்மொழியிலேயே அந்தக் கேள்வி மெல்லக் கேட்கப்படுமானால், தமிழுக்கு அதைவிடப் பெரிய பணி இன்று எனக்குத் தெரியவில்லை.